சுருதி சேராத விசிறி

ஜீவரத்தினத்துக்கு இரண்டு வேலைகள். பகலில், மாடம்பாக்கம் தாண்டி அகரம்தென் போகும் சாலையில் உள்ள ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் கரண்ட், மோட்டார், ஏசி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். அதற்குச் சம்பளம் உண்டு. மாலையில் முடிச்சூரில் தன் சபையின் பாடகர் குழுவை நடத்துவார். அதற்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். எது உங்கள் உண்மையான வேலை என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வார். நிலையத்து ஆட்கள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே சொல்வார்.

இரண்டு வேலைக்கும் அவருக்குக் கைகொடுத்தது அவருடைய காதுதான். வாலிபத்தில் மேற்குத் தாம்பரத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஊரில் எதையும் விட்டதில்லை. திருநீர்மலைத் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டு, வேர்வை காய்வதற்குள் ஓடிவந்து சபையில் ஆராதனைக்கு மைக் வைத்த நாட்களும் உண்டு. ஆம்ப்ளிஃபயர் இரைகிற இரைச்சலை வைத்தே எந்த ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காது ஒரு வரம் என்று ஊர் சொல்லும். கூடப் பாடுகிறவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பெண்கள் கீழ்க்குரலில் பாடும் ஆல்டோ வரிசையில் நிற்கும் அவர் மனைவி புஷ்பம் ஒரு நூல் இறங்கிப் பாடினாலும் மொத்தப் பாட்டையும் நிறுத்திவிடுவார். அன்றைக்கு வீட்டில் குழம்பில் உப்பு இருக்காது.

நிலையத்தில் அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒன்று சுபத்ராவின் நாற்று அறை. சுபத்ரா நெல்லில் ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானி. மாடம்பாக்கத்திலேயே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. அதிகம் பேசமாட்டாள். நாற்றுகளிடம் மட்டும் நிறையப் பேசுவாள். அறையின் ஒரு பக்கம் சாதா நெல், மறுபக்கம் அவள் மரபணுவில் கைவைத்து உருவாக்கிய நெல். "மேடம் நெல்லு" என்றுதான் ஜீவரத்தினம் அதைச் சொல்வார். இரண்டுக்கும் போட்டி என்பது அவருக்குப் புரிந்திருந்தது. எதற்காகப் போட்டி என்பதை அவர் கேட்டுக்கொண்டதில்லை.

போட்டி கொஞ்சம் கொடூரமானது. கூரை முழுக்கச் சுட்டெரிக்கும் விளக்குகள். காலையில் மற்ற அறைகள் கரண்டை இழுத்துக்கொள்வதால் இவை மத்தியானம் எரிய ஆரம்பித்து ராத்திரி வரைக்கும் எரியும். அந்த நாற்றுகளுக்குப் பொழுது விடிவதே மத்தியானத்தில்தான். மூலையில் ஒரு பெரிய பெட்டி நிறையச் சுண்ணாம்புத் துகள், அதன் தலையில் ஒரு விசிறி. விசிறி அறைக் காற்றை இழுத்துச் சுண்ணாம்பு வழியாக விடும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை விழுங்கிவிடும். சூடு அதிகம், கரியமில வாயு குறைவு. இந்த நெருக்கடியில் எந்த நெல் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் பரீட்சை.

மழைக்கு முன்னால் நடந்த முதல் பரீட்சையில் சாதா நெல் வெளிறிப்போனது. மேடம் நெல் பச்சைப் பசேலென்று நின்றது. சுபத்ரா நிலையம் முழுக்கப் பால்கோவா கொடுத்தாள். இயக்குநர் அரிகிருஷ்ணன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "ஒரு தடவை வந்தா அது லக்குமா. இன்னொரு தடவை காட்டுங்க, நம்பறேன்," என்றார். கிறிஸ்துமசுக்கு முன்னால் ஒரு ஆய்வுக் கூட்டம் இருந்தது. அதற்குள் மறுபடி காட்டாவிட்டால் அறை வேறொருவரின் தக்காளிக்குப் போய்விடும், சுபத்ராவின் பல வருட வேலையை மூட்டை கட்டிவிடுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும்.

இந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை வந்து முடிச்சூரை வழக்கம்போல நலம் விசாரித்தது. அடையாற்றுத் தண்ணீர் சபைக்குள் புகுந்து பெஞ்சுகளைக் கிளப்பிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவரைத் தொட்டால் ஷாக் அடித்தது. ஒயரிங் முழுவதையும் மாற்றாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்று ஜீவரத்தினமே பூட்டுப் போட்டார். கிறிஸ்துமஸ் கீதபவனிக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு வீடாகப் போய்ப் பாட வேண்டிய இருபது பேருக்கு ஒத்திகை பார்க்க இடமில்லை.

"எங்க ஆபீஸ்ல ஒரு ரூம் கீது," என்றார் ஜீவரத்தினம். "சூடா கீது, காஞ்சு கீது, கொசு இல்ல. ஈரத்துணியோட வந்தா காயவச்சிகினு போலாம்."

நாற்று அறைக் கதவில் 'அனுமதி பெற்றவர் மட்டும்' என்று பலகை தொங்கியது. அதை ஆணியடித்து மாட்டியவரே தான்தான் என்பதால் அது தனக்குப் பொருந்தாது என்று ஜீவரத்தினம் முடிவுசெய்துகொண்டார். உள்ளே இரண்டாவது பரீட்சை ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு குழு வந்தது. குடைகளை விரித்து வைத்தார்கள், துப்பட்டாக்களை உலர்த்தினார்கள். சித்திரை வெயிலில் ஊர்வலம் போய்ப் பழகிய ஜனங்களுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. குரல் நன்றாகக் கூடிவந்தது.

ஒன்றே ஒன்றுதான் இடைஞ்சல். சுண்ணாம்புப் பெட்டி விசிறி 'ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கும் பாட்டின் சுருதிக்கும் அரைச் சுரம் வித்தியாசம். வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. ஜீவரத்தினத்துக்குப் பல்லில் மணல் கடிபட்டது போல இருந்தது. போய் விசிறியை அணைத்தார். ஒத்திகை முடிந்து கிளம்பும்போது மறக்காமல் போட்டுவிட்டார். தினமும் அப்படித்தான். அதில் அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றும் செய்தார். முதல் பரீட்சையில் சாதா நெல் வாடி நின்றதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதன் மேல் ஒரு பரிவு. குழுவை அந்தத் தட்டுகளுக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்தார். "வாடினவங்களுக்குத்தான் பாட்டு வேணும்," என்றார்.

சில நாளில் அதிசயம் நடந்தது. சாதா நெல் வாடவில்லை. மேடம் நெல்லுக்குச் சமமாகப் பச்சை கட்டி நின்றது. ஜீவரத்தினத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பாட்டு கேட்டு வளருது பாரு," என்று குழுவில் ஒவ்வொருவராக இழுத்துவந்து காட்டினார்.

"உன் டெனருக்கு வளருதா, என் ஆல்டோவுக்கு வளருதா, அதைச் சொல்லு மொதல்ல," என்றாள் புஷ்பம்.

அதற்குப் பிறகு குழு இரண்டு மடங்கு உற்சாகத்தோடு பாடியது.

ஒரு நாள் மத்தியானம் அவர் விளக்குகளைச் சரிபார்க்கப் போனபோது, கவிழ்த்துப்போட்ட வாளிமேல் சுபத்ரா உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இன்னா மேடம், இப்படிக் குந்திகினு கீறீங்க? சாதா நெல்லு கூட எப்படி கீதுன்னு பாத்தீங்களா?" என்றார், கொஞ்சம் பெருமையோடு.

"அதுதாண்ணா பிரச்சினையே," என்றாள் சுபத்ரா. "அது வாடணும். வாடினாதான் என் நெல்லு ஏதோ சாதிச்சிருக்குன்னு அர்த்தம். இப்ப ரெண்டும் ஒண்ணா நிக்குது. அப்ப நான் இத்தனை வருஷம் பண்ணது வேஸ்ட்டுனுதானே ஆகுது?"

ஜீவரத்தினம் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்தார். முதல்முறையாக, அந்த நெல்லில் அவள் என்னதான் செய்தாள் என்று கேட்டார். அவளுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"இலைக்குள்ள ஒரு புரதம் இருக்குண்ணா. காத்துல இருந்து கரியமில வாயுவைப் பிடிச்சு உணவாக்கறதுக்கு அதுதான் ஆரம்பம். ஆனா வெயில் ஏறினா தடுமாறும். கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்துல ஆக்சிஜனைப் பிடிச்சிடும். தாம்பரத்துல செங்கல்பட்டு வண்டி பிடிக்க வேண்டியவன் அவசரத்துல பீச் வண்டியில ஏறிட்டான்னு வச்சுக்கோங்க. குரோம்பேட்டையில இறங்கி, படியேறி, அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரணும். செடியும் அப்படித்தான். அந்த ஒரு தப்பைச் சரிபண்ண செல்லுக்குள்ள மூணு இடம் சுத்தி வருது. சேர்த்து வச்சதுல ஒரு நல்ல பங்கு அந்த அலைச்சலுக்கே போயிடும். ஒளிச்சுவாசம்னு பேரு."

"மேடம் நெல்லு?"

"அதுக்கு வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே அதே பிளாட்பாரத்துல இறங்கிக்க ஒரு வழி போட்டுக் கொடுத்திருக்கேன். அலைச்சல் மிச்சம். அந்த மிச்சம் நெல்மணிக்குப் போகணும். வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுது இல்லையா? அதுக்குத்தான் இவ்வளவும்." சாதா நெல்லை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "கரியமில வாயு தாராளமா இருந்தா இதுவும் தப்புப் பண்ணாது. அதனாலதான் அதைக் குறைச்சு வச்சிருக்கோம். காலையில வந்து கை மீட்டர்ல பாக்கறேன், சரியாத்தான் இருக்கு. சுவர் மீட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கு, அதனால மத்த நேரம் தெரியல. ஒரு கூட்டமே சாயங்காலம் வந்து உள்ள நின்னு மூச்சு விட்டாத்தான் இப்படி ஆகும். அப்படி யாருண்ணா வரப்போறாங்க?"

விளக்கைச் சரிபார்க்க வந்தவர் சரிபார்க்காமலே வெளியே போனார்.

வீட்டில் புஷ்பத்திடம் சொன்னார். இருபது பேர், பாட்டு, மூச்சு, அணைத்துவைத்த விசிறி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப பாட்டுக்கு வளரலையா? நம்ம வாய்க்காத்துக்குத்தான் வளந்துச்சா?"

"சிரிக்காத. அந்தப் பொண்ணு அழுதுகினு கீது. சொன்னா என் வேலை போயிடும்."

புஷ்பம் சிரிப்பை நிறுத்தினாள். "சொல்லலன்னா அவ வேலை போயிடும். நீ போய்ச் சொல்லு. வேலை போனா திரும்ப மைக் செட் வைக்கலாம்," என்றாள்.

மறுநாள் சுபத்ரா வருவதற்கு முன்பே அறை வாசலில் போய் நின்றார். "மேடம், மூச்சு வுட்டது நாங்கதான்," என்றார். முழுவதையும் சொன்னார். கத்துவாள், அழுவாள், இயக்குநரிடம் ஓடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் உள்ளே எட்டி மூலையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"விசிறியை எதுக்குண்ணா அணைச்சீங்க?"

"சுருதி சேரல மேடம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் பதறினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. தன் நெல் தோற்கவில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் அவளுக்குக் கோபப்படவே வரவில்லை.

இருவரும் போய்ச் சொன்னபோது இயக்குநருக்கு அது நன்றாகவே வந்தது. "வெளியாளுங்களை இந்த ரூமுக்குள்ள விட்டதுக்கு உங்களை இன்னைக்கே அனுப்பலாம், தெரியுமா?" என்றார் அரிகிருஷ்ணன்.

"தெரியும் சார்."

சுபத்ரா குறுக்கிட்டாள். கூட்டத்துக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க நாள் இருக்கிறது, புது நாற்றும் தயாராக இருக்கிறது என்றாள். அரிகிருஷ்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. ஓட்டுங்க. இந்தத் தடவையும் ரெண்டும் பச்சையா நின்னா ரூம் தக்காளிக்கு. இவரு வீட்டுக்கு."

இப்போது இருவர் தலையும் ஒரே கயிற்றில் தொங்கியது. குழு மறுபடி தெருவில் நின்றது. அதற்கும் சுபத்ராவே வழி சொன்னாள். அவள் குடியிருப்பின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடம் மழைக்கு நனையாது, இடமும் தாராளம். "எங்க செக்ரட்டரிகிட்ட நான் பேசிக்கறேன். என் ரூமைத் தவிர எங்க வேணும்னாலும் மூச்சு விடுங்க," என்றாள்.

அப்படியாக மாடம்பாக்கத்தில் கார்களுக்கு நடுவே கீதபவனி ஒத்திகை நடந்தது. முதல் நாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் இரண்டாம் நாள் நாற்காலியோடு இறங்கி வந்தார்கள். மார்கழிக்குக் கோலம் போட அரிசி மாவு கலந்துகொண்டிருந்த பெண்கள் மாவுக் கையோடு நின்று கேட்டார்கள். ஒருவர் சுண்டல் கொடுத்தார், ஒருவர் காபி கொடுத்தார். தண்ணீர் லாரிக்காரர் குழாயை மாட்டிவிட்டுப் பாட்டைக் கேட்டுக்கொண்டே நின்றதில் நிலத்தடித் தொட்டி நிரம்பி வழிந்து, வாட்ச்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். லிஃப்ட் மோட்டார் வேறு அடிக்கடி சுருதி சேராமல் இரைந்தது. ஜீவரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். எதையும் அணைக்கும் ஆசை அவருக்கு அடியோடு போயிருந்தது.

பகலில் அவருக்கு வேறு வேதனை. அந்த விசிறி ஓடுகிறதா என்று அவரே போய்ப் போய்த் தொட்டுப் பார்த்தார். அது ஓட ஓடத்தான் சாதா நெல் வாடும், வாடினால்தான் தனக்கும் மேடத்துக்கும் பிழைப்பு. முதலில் நுனி வெளுத்தது. பிறகு இலை முழுக்க மஞ்சள் பாய்ந்தது. சுபத்ரா ஒவ்வொரு நாளும் முகம் மலர்ந்து வந்தாள். ஜீவரத்தினமும் சந்தோஷப்பட்டார், ஆனால் அந்தத் தட்டைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டத்தன்று அரிகிருஷ்ணனும் ஆய்வு செய்யும் அதிகாரிகளும் வந்தார்கள். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் பச்சை. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனாலும் அரிகிருஷ்ணன் லேசில் விடுகிறவர் இல்லை.

"ரிசல்ட் நல்லா இருக்கு. ஆனா நடுவுல ஒரு தடவை ரெண்டும் பச்சையா நின்னதே, அதுக்கு என்ன எழுதறது? கொயர் பாடினாங்கன்னு எழுதினா மேல சிரிப்பாங்க."

"அதான் சார் அவங்களையே வரச் சொல்லியிருக்கேன்," என்றாள் சுபத்ரா.

பக்கத்தில் அதேபோலச் சுண்ணாம்புப் பெட்டி வைத்த இன்னொரு அறை, அங்கே நடந்த வேலை முடிந்து அந்த வாரம்தான் காலியாகியிருந்தது. ரிப்பேர் முடிந்து வந்த சுவர் மீட்டரை ஜீவரத்தினம் காலையிலேயே அங்கே மாட்டியிருந்தார். இந்த முறை முறையாக அனுமதி வாங்கி, வெள்ளைச் சட்டையும் சிவப்புத் துண்டுமாகக் குழு உள்ளே போய் நின்றது. விசிறியை நிறுத்தினார்கள். ஜீவரத்தினம் கை தூக்கினார்.

அவர் வாழ்க்கையில் அப்படிப் பாடினதே இல்லை. தன் வேலைக்காக, அந்தப் பெண்ணின் பல வருட உழைப்புக்காக, புஷ்பத்தின் முன்னால் தலைநிமிர்ந்து நிற்பதற்காக எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாடினார். முதல் சரணத்திலேயே மீட்டரில் எண் அசைந்தது. இரண்டாவதில் ஏறியது. மூன்றாவதில் யாரும் எதிர்பார்க்காத உயரத்துக்குப் போய்விட்டது. சுபத்ரா, "போதும் சார், தெரிஞ்சுபோச்சு," என்றாள்.

"இரும்மா, பாட்டு முடியட்டும்," என்றார் அரிகிருஷ்ணன். அவர் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்தது. அறை சுபத்ராவுக்கே என்று அவர் அங்கேயே சொன்னார். ஜீவரத்தினம் பக்கம் திரும்பி, "நீங்க நாளைக்கு நேரத்துக்கு வாங்க," என்றார். அந்த மனிதரின் அகராதியில் அது பாராட்டுதான். குழுவில் ஒருத்தி கேக் கொண்டுவந்திருந்தாள். சுபத்ராவின் வாயில் புஷ்பமே ஊட்டிவிட்டாள். நாற்று அறை வாசலில் அவ்வளவு சத்தமும் சிரிப்பும் அதற்கு முன் கேட்டதில்லை.

ஜீவரத்தினத்தை மட்டும் காணவில்லை. சுபத்ரா தேடிக்கொண்டு போனாள். அவர் நாற்று அறைக்குள் மஞ்சள் பாய்ந்த தட்டின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா, நாம ஜெயிச்சாச்சு."

"ஜெயிச்சாச்சு மேடம். சந்தோசமாத்தான் கீது. ஆனா இதுங்க ஒரு தப்பும் பண்ணல. இதுங்க வாடிச்சு, நாம கேக் துன்றோம். மனசுக்கு பேஜாரா கீது." தட்டைக் காட்டினார். "போட்டின்னு வச்சிட்டா ஒருத்தன் தோக்கத்தான் வேணும். அது தெரியும். இருந்தாலும்."

சுபத்ரா அவரை வியப்போடு பார்த்தாள். "போட்டியா? யாருக்கும் யாருக்கும்ணா? என் நெல்லு வேற எங்கேயிருந்தோ வந்ததுன்னா நினைச்சீங்க? இதோட விதைதாண்ணா அது. இந்த நெல்லோட கருவை எடுத்துத்தான் அந்த வழியையே போட்டேன். இதுக்குப் பொறந்ததுதான் அது."

ஜீவரத்தினம் பச்சைத் தட்டைப் பார்த்தார். பிறகு மஞ்சள் தட்டைப் பார்த்தார். கேக்கும் கையுமாகப் பின்னால் வந்து நின்ற புஷ்பத்துக்கும் அது கேட்டிருந்தது. "பெத்தவங்க வாடி, புள்ளைங்க பசேல்னு நிக்கறது என்ன புதுசா? அதுக்கா அழுவுற?" என்றாள். சொல்லும்போது அவள் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஜீவரத்தினம் சிரித்தார். கண்ணீர் நிற்கவில்லை, ஆனாலும் சிரித்தார். குனிந்து அந்த வெளிறிய இலைகளை ஒரு முறை தடவிக் கொடுத்தார்.

"கேட்டியா," என்று அவற்றிடம் சொன்னார், "உன் புள்ள பாஸ் பண்ணிடுச்சு."